சீட்டில் இல்லாத ஏழாவது வரி

அந்தச் சீட்டில் மொத்தம் ஆறு வரிகள்.

சோதனைக்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடவும். தளர்வான உடையும் நடக்க ஏற்ற ஷூவும் அணிந்து வரவும். பழைய ரிப்போர்ட்டுகளைக் கொண்டுவரவும். துணைக்கு ஒருவர் வரவும். ஐந்தாவது வரியில், கீழ்க்கண்ட மாத்திரையைச் சோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்து நிறுத்தவும் என்று போட்டு ஒரு கோடு இழுத்திருக்கும்; கோட்டின் மேல் மாத்திரையின் பெயரை ரிசப்ஷனில் பேனாவால் எழுதித் தருவார்கள். ஆறாவது வரி: தொலைந்துபோகும் பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.

குடை தொலைந்தால் யார் பொறுப்பு என்று உட்கார்ந்து யோசித்தவர்களுக்கு, நிறுத்திய மாத்திரையை மறுபடி எப்போது போடுவது என்று எழுத ஒரு வரிக்கு இடம் கிடைக்கவில்லை.

டிகிரிக்கு அந்தச் சீட்டு தலைகீழ்ப் பாடம். அப்பாவின் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து இரண்டரை வருஷம் ஆகிறது.

டிகிரி என்பது அவள் பெயரில்லை. அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாக யாரும் வாங்காத பட்டத்தை அவள் வாங்கினாள் என்று சித்தப்பா வைத்த பெயர். முதல் வாரம் அது பெருமையாக இருந்தது. அப்புறம் "டிகிரி, ஃபேன் சத்தம் போடுது, வந்து பாரு" என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. மருந்தாளுநர் படிப்புக்கும் ஃபேனுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்டால், "அப்ப எதுக்குடி நாலு வருஷம் படிச்சே?" என்பார். வேலை பார்க்கிற இடத்துக்கும் அந்தப் பெயர் எப்படியோ அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

வேலை பார்க்கிற இடம் ஓர் இதயப் பரிசோதனை மையம். மாடியில் எக்கோ, ஈசிஜி, ஓடவிட்டுப் பார்க்கிற டிரெட்மில். கீழே, தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் மருந்துக் கடை. அவள் அப்பா ஓடியதும் அதே டிரெட்மில்லில்தான்.

"ஆயிரம் இடம் கெடக்கு. உங்கப்பனைக் கொன்ன எடத்துலயா போய் உக்காருவே?" என்று அம்மா கேட்டாள்.

"கொன்ன எடத்துலதாம்மா தடயம் இருக்கும்."

அப்பா கடைசல்காரர். முப்பது வருஷம் ஒரே பட்டறை, ஒரே லேத். தொழிலில் அவருக்கு ஒரே வேதம்தான்: டிராயிங்கில் இருப்பதைச் செய், இல்லாததைச் செய்யாதே. ஒருமுறை ஒரு தண்டில் துளை இருந்தாக வேண்டும் என்று அவருக்கே தெரிந்திருந்தும், டிராயிங்கில் இல்லை என்று துளை போடாமலே கொடுத்துவிட்டார். இஞ்சினியர் வந்து கத்தியபோது டிராயிங்கை எடுத்துக் காட்டினார். "நீங்க வரைஞ்சதை நான் அறுத்தேன். வரையாததை அறுக்க நான் யாருங்க?" பட்டறையே சிரித்தது. அந்தக் கதையை அவர் வீட்டில் நூறு தரம் சொல்லியிருப்பார். படிக்காத மனுஷர் படித்தவனை வென்ற ஒரே கதை அது.

படியேறினால் நெஞ்சை அடைக்கிறது என்று அந்தச் சோதனைக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். பீட்டா பிளாக்கர். நாடியை அடக்கி, ரத்த அழுத்தத்தைக் குறைத்து, இதயத்தின் வேலைப் பளுவை இறக்கி வைக்கிற மாத்திரை. காலை எட்டு மணிச் சைரன் அடிக்கும்போது ஒன்று. ஆறு வருஷத்தில் ஒரு நாளும் தப்பியதில்லை. பிறகு ஒருநாள் டிரெட்மில் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரை உள்ளே இருந்தால் எவ்வளவு ஓடினாலும் துடிப்பு ஏறாது, சோதனை சொல்ல வேண்டியதைச் சொல்லாது. அதனால் இரண்டு நாள் நிறுத்தச் சொல்வார்கள். அதில் தப்பில்லை. சீட்டு நிறுத்து என்றது, அப்பா நிறுத்தினார். சோதனை முடிந்தது. அவருடைய டாக்டரைப் பார்க்க மூன்று வாரம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. போடு என்று சீட்டில் இல்லை, அப்பா போடவில்லை.

மாத்திரை நின்ற ஒன்பதாம் நாள் லேத்துக்கு முன்னாலேயே விழுந்தார். தூக்கியவர்கள் சொன்னார்கள், பிடித்திருந்த தண்டு அவர் விழுந்த பிறகும் சுற்றிக்கொண்டே இருந்ததாம்.

காரியங்கள் முடிந்து அம்மாவும் சித்தப்பாவும் அவளும் சீட்டை எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போனார்கள். சீஃப் என்று எல்லாரும் அழைக்கிற பெரிய டாக்டர் ரிசப்ஷனில் நின்றபடியே பேசினார். உட்காரச் சொல்லவில்லை.

"நிறுத்தச் சொன்னது டெஸ்ட்டுக்காக. டெஸ்ட் முடிஞ்சா போடணும்னு சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெரியும். தெரியலேன்னா கேட்டிருக்கணும். படிப்பில்லாதவங்களுக்கு எல்லாத்தையும் ஊட்டியாம்மா விட முடியும்?"

அம்மா கையைக் கூப்பினாள். எதற்குக் கூப்பினாள் என்று அவளுக்கே தெரியாது. டாக்டரைப் பார்த்தால் கூப்புகிற கை அது. மகள் வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவள் எவரிடமும் சொன்னதில்லை.

படிப்பை முடித்தாள், அதே மையத்தில் வேலை கேட்டாள், கிடைத்தது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ரிசப்ஷனில் அழுதுகொண்டு நின்ற ஒரு குடும்பத்தின் முகம் சீஃபுக்கு நினைவிருக்க நியாயமில்லை.

கவுன்ட்டரில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பீட்டா பிளாக்கர் வாங்க வருகிறவர்கள் பலவகை. ஒற்றைத் தலைவலிக்காரி வருவாள், தைராய்டு படபடப்புக்காரர் வருவார், கை நடுக்கத்துக்காக ஒருவர் வருவார், மாரடைப்பில் பிழைத்தவர்கள் வருவார்கள். இளைப்பு நோய் உண்டா என்று ஒவ்வொருவரிடமும் கேட்பாள். உண்டு என்றால் டாக்டருக்குப் போன் போடாமல் கொடுக்கமாட்டாள். மாடியில் ஓடிவிட்டு இறங்கியவர்களிடம் இன்னொரு கேள்வி: "நிறுத்தின மாத்திரையை மறுபடி ஆரம்பிச்சாச்சா?" பதினொரு மாதத்தில் பதினாறு பேர் இல்லை என்றார்கள். ஒருவர் வாத்தியார், ஒருவர் வங்கிக்காரர். படிப்பில்லாதவர்கள் என்றா சொன்னாய், என்று அவள் மனசுக்குள் பல்லைக் கடித்தாள். பதினாறு பேருக்கும் அங்கேயே அவரவர் டாக்டரிடம் பேசி மாத்திரையை ஆரம்பிக்க வைத்தாள். தேதியும் போன் நம்பரும் ஒரு நோட்டில் ஏறின.

ரிசப்ஷன் அக்காவிடம் சொல்லிப் பார்த்தாள். "அக்கா, சீட்டுல ஒரே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்களேன்."

"நீ வேற டிகிரி. அஞ்சாயிரம் சீட்டு மொத்தமா அடிச்சு வச்சிருக்கு. அலமாரி பூரா அதான். தீரட்டும், பாக்கலாம்."

சீஃபிடமும் சொன்னாள். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உன் வேலை மாத்திரை எடுத்துக் குடுக்கறது. அதைப் பாரு."

ஒரு திங்கட்கிழமை காலை நோட்டையும் அப்பாவின் சீட்டையும் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பார்க்கப் போனாள். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாயால சொன்னோம்னு அவங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா இதுல ஒண்ணும் நிக்காதும்மா. சோதனைக்கு அப்புறம் மாத்திரையைத் தொடங்கணும்னு அவங்க கைப்பட எழுதின எதுவும் இதுல இல்ல. இந்தப் பதினாறு பேர் எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க."

"அங்கதான் இடிக்குது." வக்கீல் பேனாவை மூடினார். கெட்ட மனுஷர் இல்லை, தொழில் பேசினார். "நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதே. இன்னொருத்தருக்கு ஏதாவது ஆகியிருந்தா கேஸ் வேற மாதிரி."

அந்த வார்த்தை காதுக்குள் புகுந்த எறும்பு மாதிரி குடைந்துகொண்டிருக்க, அவள் பதினொரு மணிக்குக் கவுன்ட்டரில் வந்து நின்றாள். பன்னிரண்டு மணிக்குச் சாவிக்காரர் வந்தார்.

சாவிக்காரர் எதிர்ச்சாரியில் நடைபாதையில் ஒரு மரப்பெட்டியை வைத்துக்கொண்டு சாவி அறுக்கிறவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவர் பெட்டியும், அதன் மேல் கொத்துக் கொத்தாகத் தொங்கும் சாவிகளும், அரம் பிடித்த கையும் அவள் கண்ணாடிக்கு நேர் எதிரே. கல்யாணம் எப்போது என்று கேட்காத ஒரே தெருக்காரர் அவர்தான் என்பதால் அவளுக்கு அவரைப் பிடிக்கும். அவர் ஒரு அட்டையைக் கவுன்ட்டரில் வைத்தார். பாதி தீர்ந்த மாத்திரை அட்டை.

"இதை வச்சுக்கோம்மா. வேற யாருக்காவது ஆகும்."

"ஏண்ணே?"

"மாடியில ஓடினேன்ல, வெள்ளிக்கிழமை? அதுக்கு முன்னாடியே நிறுத்தச் சொல்லிட்டாங்க. சீட்டுல இருக்கு. நாலு வருஷ மாத்திரை, ஒரே அடியா விடுதலை!"

வாயில் கேள்வி தயாராக இருந்தது. பதினாறு பேரிடம் சொன்னதைப் பதினேழாவது ஆளிடம் சொல்ல அரை நிமிஷம் போதும். அவள் அட்டையைப் பார்த்தாள். விரலால் நாள் எண்ணினாள். நிறுத்தியது புதன்கிழமை. இன்று ஆறாம் நாள்.

"சரிண்ணே" என்றாள்.

அட்டையை எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினாள். அவர் கையை ஆட்டிவிட்டுத் தெருவைக் கடந்து போனார்.

அன்று மாலை வரை தன்னிடமே பேசிக்கொண்டிருந்தாள். நானா நிறுத்தச் சொன்னேன்? சீட்டு சொன்னது. நானா எழுதாமல் விட்டேன்? கேட்டிருக்கணும் என்றாரே சீஃப், சாவிக்காரர் கேட்கட்டுமே. எல்லாருக்கும் அப்படி ஆகிவிடாது, நூற்றில் எத்தனை பேருக்கோ. ஆனால் ஆகிவிட்டால்? ஆகிவிட்டால் சீஃபின் வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிடலாம். இதே தெருவில், எல்லார் கண் முன்னாலும், மையத்தின் வாசலிலிருந்து இருபது அடி தூரத்தில். இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? தன் மனசு இவ்வளவு சுத்தமாகக் கணக்குப் போடும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

செவ்வாய்க்கிழமை அவர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சாவி அறுத்தார். புதன்கிழமை ஒருவருடைய பூட்டைத் திறக்க இரண்டு மாடி ஏறிவிட்டு வந்து, பெட்டியின் மேல் கையை ஊன்றி நின்றார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருமல் மருந்தை அடுக்கிக்கொண்டே பார்த்தாள். ஒரு பாட்டில் கைதவறி உடைந்தது. "என்ன டிகிரி, கை நடுங்குது? நீயே ஒரு மாத்திரை போட்டுக்கோ!" என்று ரிசப்ஷன் அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

வியாழக்கிழமை காலை. ஒன்பதாம் நாள். அவர் கடைக்குள் வந்தார். நெற்றியில் வேர்வை, முகத்தில் சிரிப்பு.

"ஒண்ணு கேக்கணும்மா. அந்த மாத்திரையை விட்டதுல இருந்து ஒடம்பு காத்தாட்டம் இருக்கு. முன்னெல்லாம் வெரலு ஜில்லுன்னு மரத்துப்போவும், அரத்தைப் புடிக்க முடியாது. இப்ப பாரு, சூடா இருக்கு. அசதியும் போச்சு. நல்லதுதானே?"

கையை நீட்டினார். உள்ளங்கையெல்லாம் இரும்புத் தூள்.

இதே வார்த்தைகள். இரண்டரை வருஷத்துக்கு முன் ஹாஸ்டல் வராந்தாவில், காதில் போனும் கையில் புத்தகமுமாக அவள் நின்றபோது, அப்பா இதே வார்த்தைகளைத்தான் சொன்னார். மாத்திரையை நிறுத்திட்டாங்கம்மா, வெரல் ஜில்லுனு இருந்ததெல்லாம் போயிடுச்சு, நல்லதுதானே? மறுநாள் மருந்தியல் பரீட்சை. "நல்லதுப்பா, நல்லதுப்பா, நாளைக்குப் பேசறேன்" என்று அவள் போனை வைத்துவிட்டாள். மறுநாள் கேள்வித்தாளில் பீட்டா பிளாக்கர் வந்தது. திடீரென நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்பும் வரலாம், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று அழகான கையெழுத்தில் எழுதினாள். முழு மதிப்பெண். மூன்றாம் நாள் அப்பா விழுந்தார்.

சீஃப் சொன்னது பொய். அப்பா கேட்டார். கேட்க வேண்டியவளிடம்தான் கேட்டார்.

"நல்லதில்லண்ணே" என்றாள். "நெஞ்சு எப்படி இருக்கு?"

"லேசா இறுக்கறாப்புல. காலையில வரும்போது இடது தோள்பட்டையில…"

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கவுன்ட்டர்க் கதவைத் தாண்டி வந்து அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். மாடிக்குப் போன் போடவில்லை. அந்த மாடியை அவள் நம்பவில்லை. ஆம்புலன்ஸை அழைத்தாள், கூடவே ஏறினாள், பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நின்று, "பீட்டா பிளாக்கர், நாலு வருஷம், திடீர்னு நிறுத்தி ஒன்பது நாள்" என்று ஒரே மூச்சில் சொன்னாள். தொண்டை கிழிய அவள் கத்தியதைக் கேட்டு அங்கிருந்த டூட்டி டாக்டர் ஓடியே வந்தார். ஈசிஜியில் மாற்றம் இருந்தது. அடைப்பு முற்றவில்லை. "சரியான நேரம்" என்றார்கள். அந்தப் பாராட்டு அவளைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் வார்டுக்குப் போனாள். சாவிக்காரர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாத்திரையை மறுபடி ஆரம்பித்திருந்தார்கள்.

"அது என்னம்மா, இத்தனூண்டு மாத்திரை, விட்டா ஆளையே சாய்க்குது?"

"வீட்டு வாசல்ல ஒருத்தன் நின்னு, கத்துறவன் சத்தம் உள்ள போகாம தடுக்கறான்னு வச்சுக்குங்கண்ணே. கோவம், பயம், ஓட்டம், எது வந்தாலும் ஒடம்பு இதயத்தைப் பாத்துக் கத்தும். மாத்திரை அதைத் தடுக்கும். நாலு வருஷமா சத்தம் கேக்கலேன்னா இதயம் சும்மா இருக்காது, இன்னும் நாலு காது மொளைக்க வச்சுக்கும். திடீர்னு வாசல்ல நின்னவன் போயிட்டா, அத்தனை காதுலயும் ஒரே நேரத்துல சத்தம்."

"ஓ." அவர் யோசித்தார். "இவ்வளவு தெரிஞ்சவ, அன்னிக்கு அட்டையைக் குடுத்தப்ப ஏம்மா சொல்லல?"

மறந்துட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். அவள் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு, அப்பா, சீட்டு, வக்கீல், மூன்று நாள் கண்ணாடி வழியாகப் பார்த்தது, எல்லாவற்றையும் சொன்னாள். ஹாஸ்டல் போனையும் சொன்னாள். முதல்முறையாக.

சாவிக்காரர் போர்வையை மார்புவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"உங்கப்பனுக்கு நான் என்னம்மா பண்ணேன்?"

அவள் கட்டில் இரும்பிலிருந்து கையை எடுத்தாள்.

"எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு. நான் செத்தா நீ கேஸ் போட்டிருப்பே. அதுங்க என்ன பண்ணியிருக்கும்?" முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "போ. மூஞ்சியைப் பாக்கப் புடிக்கல."

அவள் கதவு வரை போனதும் கூப்பிட்டார். திரும்பாமலே கூப்பிட்டார்.

"இந்தா. உன் மேல இருக்கற கோவம் வேற. அந்தாளை நானும் ஒரு கேள்வி கேக்கணும். கேட்டிருக்கணும்னு சொன்னானாமே? எப்பன்னு சொல்லு, வந்து கேக்கறேன்."

அந்த வார்த்தையில்தான் அவளுக்கு வழி தெரிந்தது. இரண்டரை வருஷமாக ஒரு பிணத்தைத் தேடிக்கொண்டிருந்தவளுக்கு, உயிரோடிருக்கிறவர்களே போதும் என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்த வாரம் மையத்துக்குத் தரச் சான்று கொடுக்க ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. முந்தின நாள் சீஃப் எல்லாரையும் கூட்டி நிறுத்தினார். தரை மின்னியது, செடித்தொட்டி வந்திருந்தது, கழிவறையில் முதல்முறையாகச் சோப்பு இருந்தது.

"நாளைக்கு எந்தப் பேஷன்ட் என்ன கேட்டாலும் சிரிச்சுக்கிட்டே பதில் சொல்லணும். எழுதிக் கேட்டா எழுதிக் குடுக்கணும். எனக்கும் சேத்துதான் சொல்றேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அன்று மாலை நோட்டை எடுத்துப் போன் போட்டாள். பதினாறில் பத்துப் பேர் வருகிறேன் என்றார்கள். "சீட்டை மட்டும் மறக்காம எடுத்துட்டு வாங்க." வாத்தியார் ஒரு படி மேலே போய், கேள்வியை எப்படிக் கேட்டால் நறுக்கென்று இருக்கும் என்று அவளுக்கே பாடம் எடுத்தார்.

காலை பத்து மணிக்கு ரிசப்ஷனில் வரிசை நின்றது. சாவிக்காரர் முதலில், வாத்தியார், வங்கிக்காரர், தலையில் முக்காடிட்ட ஓர் அம்மா, அப்புறம் மற்றவர்கள். ஆய்வுக் குழுவின் இரண்டு பேர் கையில் கோப்போடு சீஃப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். ஒருவர் வழுக்கை, ஒருவர் கண்ணாடிக்காரம்மா.

"வணக்கம் டாக்டர். ஒரு சந்தேகம்" என்றார் சாவிக்காரர். சீட்டை நீட்டினார். "நிறுத்தச் சொல்லி எழுதியிருக்கீங்க. மறுபடி எப்பப் போடணும்னு எழுதலையே?"

சீஃப் சிரித்தார். "இதுல என்னங்க, டெஸ்ட் முடிஞ்ச அன்னிக்கே போட வேண்டியதுதான்."

"அதை இதுல எழுதிக் குடுத்துடுங்க. நான் எழுதினதைத்தான் செய்வேன்."

சீஃப் எழுதினார். அடுத்து வாத்தியார். அதே கேள்வி. அடுத்து வங்கிக்காரர். அதே கேள்வி. நான்காவது சீட்டில் சீஃபின் சிரிப்பு உதட்டில் மட்டும் இருந்தது. கண்ணாடிக்காரம்மா குனிந்து பார்த்தார். "இவ்வளவு பேர் இதையே கேக்கறாங்களே டாக்டர்?"

"நாங்க வாயால சொல்லிடுவோம் மேடம். எழுதினா அவங்களுக்கு ஒரு தைரியம், அவ்வளவுதான்."

"அப்ப தேதியும் கையெழுத்தும் போட்டே குடுங்க" என்றார் வழுக்கைக்காரர்.

சீஃபின் கழுத்து சிவந்தது. பேனா வேகம் பிடித்தது. சீட்டைப் பார்க்காமலே கையை நீட்டி வாங்கி, எழுதி, கையெழுத்திட்டு, தள்ளினார். இன்னும் எத்தனை பேர் என்று நிமிர்ந்தபோது வரிசையின் கடைசியில் வெள்ளைக் கோட்டோடு டிகிரி நின்றாள்.

"நீ என்ன?"

"ஒரு பேஷன்ட்டால வர முடியல சார். அவருக்காக வந்திருக்கேன். ஒரு வரிதான்."

சீட்டை வைத்தாள். இரண்டரை வருஷமாகத் தடித்த புத்தகத்துக்குள் கிடந்ததில் மடிப்புகள் தட்டையாகியிருந்தன. அச்சு, எழுத்து, ஆறு வரி, எல்லாம் மற்றச் சீட்டுகளைப் போலவே. அலமாரியில் இருந்த ஐந்தாயிரம் இன்னும் தீரவில்லை அல்லவா. சீஃப் எழுதினார்: சோதனை முடிந்த அன்றே மாத்திரையை மீண்டும் தொடங்கவும். கையெழுத்து. தேதி.

அவள் உடனே எடுத்துக்கொண்டாள். மை காய ஊதினாள்.

"நன்றி சார். மேல இருக்கற சோதனைத் தேதியை நீங்க பாக்கலையே?"

அவர் பார்த்தார். இந்தமுறை உண்மையாகவே பார்த்தார்.

"இது எங்கப்பாவோட சீட்டு. லேத் வேலை பாத்தவரு. ஒன்பதாம் நாள் செத்துட்டாரு. எழுதாததைச் செய்யாத மனுஷர். எங்கம்மா இதே எடத்துல கையைக் கூப்பிக்கிட்டு நின்னப்ப, தெரியலேன்னா கேட்டிருக்கணும்னு சொன்னீங்க. இன்னிக்குப் பதினொரு பேர் கேட்டாங்க. அவருக்கும் சேத்து நான் கேட்டேன்."

"அந்தச் சீட்டைக் குடு." சீஃப் கையை நீட்டினார். அந்த மணிக்கட்டில் நாடி என்ன வேகத்தில் ஓடும் என்று அவள் ஒரு கணம் மருந்தாளுநராக யோசித்தாள், ரசித்தாள்.

"குடுக்கமாட்டேன் சார். வேணும்னா மேடம் போட்டோ எடுத்துக்கட்டும்."

கண்ணாடிக்காரம்மா ஏற்கெனவே போனை எடுத்திருந்தார். ரிசப்ஷன் அக்கா சீட்டுக் கட்டை மெல்ல மேஜைக்கடியில் தள்ளினாள். சாவிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "வெளிய வைம்மா, அவங்களும் பாக்கட்டும்" என்றார். டிகிரியின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, அவளிடம் அவர் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அது அவளுக்கு வர வேண்டியதுதான்.

அவளை அன்று மதியமே வேலையை விட்டு அனுப்பினார்கள். கோட்டைக் கழற்றிக் கவுன்ட்டரில் வைத்துவிட்டு, நேராக மருத்துவர் கவுன்சில் அலுவலகத்துக்குப் போனாள். அம்மாவையும் வழியில் கூட்டிக்கொண்டாள். "கையைக் கூப்பாதேம்மா" என்று படியிலேயே சொல்லிவைத்தாள். அம்மா கைகளை முந்தானைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

புகாரை வாங்கிய குமாஸ்தா சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"என்னம்மா இது, ஒரே சீட்டுல ரெண்டு தேதி? நிறுத்தச் சொன்னது ஒரு தேதி, தொடங்கச் சொன்னது ரெண்டரை வருஷம் கழிச்சு. ஏதோ தப்பா இருக்கே?"

"தப்பில்லங்க" என்றாள். "அந்த ரெண்டு தேதிக்கும் நடுவுலதான் எங்கப்பா செத்தாரு. அப்படியே எழுதிக்குங்க."